வழித்த நாக்கோடு வைத்தியரிடம் போனவர்

இல்ஃபோர்ட் கடைத்தெருவில், கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் கோழிப்பொரியல் கடைக்கும் நடுவே இருக்கும் சீன மருந்துக் கடையில் வைத்து, முன்பின் தெரியாத ஒரு பெண் என் கணவரை நாக்கை நீட்டச் சொன்னாள். அவர் நீட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுபது தாண்டிய மனிதன், சப்பாத்துத் துடைத்து, தைப்பொங்கலுக்கு வாங்கிய சேர்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்க வந்திருக்கிறார். அவரைப் போய் நாக்கை நீட்டு என்றால்? எங்கள் ஊரில் நாக்கை நீட்டுகிறவன் ஒன்றில் பழிப்புக் காட்டுகிற சின்னப்பிள்ளை, இல்லாவிட்டால் அடி வாங்க வழி பார்க்கிறவன். அந்தப் பெண், மிஸஸ் ஷென், அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் தன் நாக்கை நாடி வரைக்கும் நீட்டிக் காட்டினாள். "நீட்டுங்கோவன், இஞ்சை ஆர் பாக்கினம்?" என்றேன் நான். கடைசியில் நீட்டினார். அவள் சின்ன ரோச் லைற்றை அடித்துப் பார்த்துவிட்டு, "வெரி கிளீன்" என்றாள். இவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் முதற்பரிசு வாங்கிய மாதிரி.

நான் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் அவருடைய இடுப்புப் பட்டி. இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று, அப்போதும் காற்சட்டை நழுவுகிறது. ஒரு பிடி சோறு வைத்தால் அரைப்பிடி அப்படியே கிடக்கும். மேல்வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் குந்தியிருப்பார். என்னப்பா செய்யுது என்று கேட்டால், "ஒண்டுமில்லை, கேஸ்" என்பார். உலகத்தில் உள்ள அத்தனை நோய்க்கும் எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் அதுதானே. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பதுபோல நடித்து மூச்சு வாங்குவார். நான் என்ன கண் தெரியாதவளா? இந்த மனிதன் என் கண்முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தார். எனக்கு வந்தது பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், லண்டனில் வைத்தியம் இலவசம், பிறகென்ன சீனத்திக் கடை என்று கேட்பீர்கள். இலவசம்தான். காலை எட்டு மணிக்குச் சேர்ஜரிக்கு, அதுதான் எங்கள் பகுதி டொக்டரின் இடத்துக்கு, ரெலிபோன் எடுத்தால் அது பாட்டுப் பாடும். பாட்டு முடிய, இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது, நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கள் என்று ஒரு பெண் தேனொழுகச் சொல்வாள். அப்படி எடுத்து எடுத்து ஒரு நாள் கிடைத்தபோது, எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஷிப்ட். மாற்றிக் கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியை நீட்டுவாள். "நான் தனியப் போய் வாறன், நீர் வேலைக்குப் போம்" என்றார். போய் வந்தார். "டொக்டர் நல்ல மனிசன். ஒண்டுமில்லையாம், வயித்துப் புளிப்புக்குக் குளிசை தந்தவர்" என்றார். குளிசையும் ஒரு கிழமை போட்டார், பிறகு சுகம் என்று சொல்லி அலுமாரிக்குள் தூக்கிப் போட்டார். பிறகுதான் என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண், தன் தாயின் வயிற்றுப் பொருமலை மிஸஸ் ஷென் மாற்றினாள் என்று சொல்ல, அந்தப் படியையும் மிதித்துப் பார்ப்போம் என்று போனோம்.

கடைக்குப் பின்னால் திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், கதிரைகள், மணிக்கட்டை வைக்க ஒரு குட்டித் தலையணை. மிஸஸ் ஷென் மூன்று விரல்களை அவருடைய வலது கையில் வைத்துக் கண்ணை மூடினாள். பிறகு இடது கையில். ஒவ்வொரு விரலுக்குக் கீழும் ஒவ்வோர் உறுப்பு பேசுமாம். அவளுடைய இங்கிலீசு ஒட்டுப்போட்ட இங்கிலீசு, எங்களுடையதும் அப்படித்தான். ஆனால் கேள்விகள் ஒட்டுப்போட்டவை அல்ல. சுடுதண்ணீர் பிடிக்குமா, பச்சைத்தண்ணீர் பிடிக்குமா? வயிற்றை அமத்தினால் நோவு கூடுமா, குறையுமா? சாப்பிட முன்னமா, சாப்பிட்ட பிறகா? நித்திரை? கக்கூசுக்கு ஒழுங்காகப் போகிறதா, என்ன நிறம்? எல்லாவற்றுக்கும் இவர் சொன்ன பதில் "நோர்மல்" அல்லது "ஃபைன்". பெற்றோல் நிலையத்துக் கல்லாவில் நின்ற இத்தனை வருடத்தில் இவர் சேர்த்த இங்கிலீசில் முக்கால்வாசி இந்த இரண்டு சொல்லும் பம்ப் நம்பர்களும்தான்.

அவள் என் பக்கம் திரும்பி, "உங்கள் கணவருக்கு உள்ளே நிறையக் கோபம்" என்றாள். கோபம் கல்லீரலில் இருக்குமாம். வெளியே போக வழியில்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் இரைப்பையைப் போட்டு அடிக்குமாம். நாக்கில் மேற்படை கொஞ்சமும் இல்லை, சிவந்து உரிந்துபோய் இருக்கிறது, ஆகவே இரைப்பையில் ஈரம் வற்றி நெருப்புப் பிடித்திருக்கிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோவம் எனக்கு, வயித்துக்குத்து இவருக்கோ? இதென்ன விசர்க்கதை!" என்று தமிழில் சொன்னேன். இவரும் சிரித்தார். பிறகு இங்கிலீசில், "ஆள் மாறிவிட்டது, என் கையைப் பிடித்துப் பாருங்கள்" என்றேன். அவள் பகிடி என்று எடுக்கவில்லை. உண்மையாகவே என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "யூ ஓகே. யூ ஷவுட்" என்றாள். இவரைக் காட்டி, "ஹி நோ ஷவுட்" என்றாள். பட்டையும் வேரும் காய்ந்த தோடம்பழத் தோலும் போட்ட பைகளைத் தந்து, காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். தயிர் கூடாது, ஐஸ் தண்ணீர் கூடாது, மிளகாய்த்தூள் கூடவே கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இவர் சத்தம் போடாதவர் என்பது உண்மைதான். எனக்குத் தெரிந்த காலத்திலிருந்தே அப்படி. கலியாணம் கட்டிய புதிதில் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் போகும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்குவார்கள். என் கைப்பையைக் கொட்டி, உள்ளே இருந்த துணியைத் துவக்கு நுனியால் கிளறி, ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சிரிப்பான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். இவர் என் கையை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "ஓம் சேர், சரி சேர்" என்பார். அந்த முகத்தால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதை நான் மறுக்கவில்லை. முகத்தைச் சுழித்த என் தம்பியை இறக்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பவேயில்லை. இங்கே வந்த பிறகும் அதே முகம்தான். பெற்றோல் நிலையத்தில் குடித்துவிட்டு வந்தவன் மிச்சக்காசை இவர் முகத்தில் எறிந்தபோதும் "நோ ப்ரொப்ளம் சேர்." விசா அலுவலகத்தில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, நீ பொய் சொல்கிறாய் என்றபோதும் "தாங்க்யூ மேடம்." வீட்டுக்கு வந்தாவது ஒரு கோப்பையை உடைத்தாரா? இல்லை. சோறு போடும் என்பார், அவ்வளவுதான். இவருக்காக ஏசுகிற வேலையையும் நான்தான் பார்த்திருக்கிறேன்.

கஷாயத்தைக் காய்ச்சிக் காய்ச்சி வீடெல்லாம் நனைந்த சாக்கு மணம். பக்கத்து வீட்டுக்காரி யன்னலைச் சாத்தத் தொடங்கினாள். ஆனால் இவர் தேறவில்லை. முகம் வெளிறி, உதடு வெள்ளைக் கடதாசி மாதிரி வந்தது. ஒரு நாள் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலையால் வந்த உடுப்போடேயே மிஸஸ் ஷென்னின் கடைக்குப் போய், மிச்சப் பைகளை மேசையில் போட்டேன். "என்ன மருந்து தந்தாய்? என்ரை மனிசன் சாகப்போகுது!" முதல் வசனம் இங்கிலீசு, இரண்டாவது தமிழ். அவளுக்கு இரண்டும் விளங்கியது. அவளும் சும்மா இருக்கவில்லை. நாக்கைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தேன், அந்த நாக்குக்கு அதுதான் மருந்து என்று கத்தினாள். கத்திக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, "அன்றைக்குக் காலையில் அவர் நாக்கை உரஞ்சினாரா?" என்று கேட்டாள்.

உரஞ்சினாரா என்று கேட்கிறாள்! காலையில் எழும்பினால் நாக்கு வழிக்காமல் தேத்தண்ணி குடிக்கிற தமிழன் உண்டா? செம்புத் தகடு ஒன்று வைத்திருக்கிறார், ஓங்காளிக்கிற சத்தம் தெரு முனைக்குக் கேட்கும். அன்றைக்கு வைத்தியரிடம் போவதென்றபடியால் இன்னும் கொஞ்சம் கூடவே வழித்தார். டொக்டருக்கு முன்னால் ஊத்தை வாயோடு போய் நிற்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்த சாதி நாங்கள். இதை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லச் சொல்ல, மிஸஸ் ஷென் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கின் மேலே படியும் அந்தப் படையில்தான் வயிற்றின் கதை எழுதியிருக்கும், அதை வழித்துக் கழுவிவிட்டு என்னிடம் வந்து என்ன நோய் என்று கேட்டால் நான் என்ன செய்ய என்றாள். "கள்ளன் வந்து போன வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் பொலிசைக் கூப்பிடுவீர்களா?" என்றாள். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா, பல்லுத் தீட்டலாம், நாக்கில் கை வைக்கக்கூடாது, தேத்தண்ணியும் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

அடுத்த நாள் இவரை அந்த நாக்கோடு வெளியே கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் போய் நாக்கை நீட்டியதும், மிஸஸ் ஷென்னின் முகம் மாறிவிட்டது. சிவப்பு எங்கே? நாக்கு வெளிறிப்போய், இரத்தமே இல்லாமல் கிடந்தது. முந்தி அவள் கண்ட சிவப்பு தகடு போட்ட காயம். கீழிமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தை அமத்திப் பார்த்தாள், நாடியில் விரலை வைத்து உடனே எடுத்தாள். "கக்கூசு. என்ன நிறம்?" என்றாள். இவர், "நோர்மல்" என்றார். அவள் மறுபடி கேட்டாள். இவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். அதோடு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது. "வாயைத் திறந்து சொல்லுங்கோ! முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிற வேலையை என்னட்டைக் காட்டாதேங்கோ! நீங்கள் செத்தால் உங்கடை மானத்தை நான் என்ன, கண்ணாடிப் பெட்டிக்கை வைச்சுப் பாக்கிறதோ?" என்று அந்தத் தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

இவர் குனிந்துகொண்டு, "கறுப்பு" என்றார். "தார் மாதிரி. கனநாளாப் போகுது."

நான் மொழிபெயர்த்தேன். மிஸஸ் ஷென் எழும்பி, கொழுவியிருந்த அவருடைய ஜக்கெற்றை எடுத்து என் கையில் தந்தாள். "ஹொஸ்பிற்றல். நௌ. நொட் மீ" என்றாள். உள்ளே எங்கேயோ இரத்தம் கசிகிறது என்பதை அவள் தன் பாஷையிலும் எங்கள் பாஷையிலும் இல்லாமல், கையால் வயிற்றைக் குத்தி, விரலால் சொட்டுச் சொட்டாகக் காட்டி விளங்கப்படுத்தினாள். எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. "இந்தக் கேள்வியை முதல் நாளே இப்படிக் கேட்டிருக்கலாமே? ஏதோ ஒரு சிவப்பு நாக்கைப் பார்த்துவிட்டு இத்தனை பையைத் தலையில் கட்டினீர்களே" என்றேன். "கேட்டேன். நோர்மல் என்றார்" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரிக்கு மினிகாப் காரில் போகும்போதுதான் மற்றக் கதையும் வெளியே வந்தது. சேர்ஜரியில் பதியும்போது என்ன மொழி என்று கேட்டதற்கு இவர் பெருமையாகத் தமிழ் என்று சொல்லியிருந்தார். அதனால் டொக்டர் ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் வணக்கம் என்ற ஒரு சொல்லிலேயே இவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளை. அவளுடைய தகப்பனும் இவரும் அன்னதானத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டுகிறவர்கள். டொக்டர் கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளையும் ஒன்றையும் விடாமல், மலம் கறுப்பாகப் போகிறதா ஐயா என்று வடிவாகத்தான் கேட்டிருக்கிறாள். "தேவாரம் பாடுற வாய். அந்தப் பிள்ளையின்ரை காதுக்கை நான் அதை எப்பிடிச் சொல்லுறது?" என்றார் இவர், கார் யன்னலைப் பார்த்துக்கொண்டு. "அதாலை, இல்லைப் பிள்ளை, எல்லாம் நல்லம் எண்டு சொல்லிப்போட்டன்."

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற காலத்தில், டொக்டர் தலை நிமிராமல் "வெளிக்குப் போச்சோ? என்ன மாதிரிப் போச்சு?" என்று கேட்பார். பின்னால் நிற்கிற இருபது பேருக்கும் கேட்கும். இதே மனிதன் அங்கே வயிற்றோட்டத்துக்குப் போய், தண்ணி மாதிரிப் போகுது ஐயா என்று சத்தமாகச் சொன்னவர், நான் பக்கத்தில் நின்றேன். அங்கே வராத வெட்கம் இங்கே எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியும் எங்கிருந்து வந்தது என்று. அங்கே பின்னால் நிற்கிற இருபது பேர் போனால் ஊரில் இன்னும் ஆயிரம் பேர் இருந்தார்கள். இங்கே எங்களுக்கு ஊர் என்று இருப்பது அந்தக் கோயில் மண்டபமும், அதற்குள் வருகிற முகங்களும்தான். வெளியே பெற்றோல் அடிக்க வருகிறவனுக்கு நீ கல்லாவில் நிற்கிற ஒரு கை. மண்டபத்துக்குள் மட்டும்தான் நீ ஒரு மனிதன், "வாங்கோ அண்ணை" என்பார்கள். அந்த ஒரு மரியாதையைக் காப்பாற்ற, என் கணவர் இரத்தத்தைக் கக்கூசில் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு கொத்தமல்லிக்கட்டுக்குக் கூட உதவாத மரியாதை! யாரைப் பிடித்து உலுக்குவது நான்? டொக்டரைக் கேட்டால் நான் கேட்டேன் என்பார். மொழிபெயர்த்த பிள்ளை நான் கேட்டேன் என்பாள். மிஸஸ் ஷென் அதைச் சொல்லியே விட்டாள். பத்து நிமிடத்தில் ஒரு மனிதனைப் பார்த்து முடிக்கச் சொல்லும் ஏற்பாடும் சட்டப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. என்னைப்போல இங்கே வாழும் பெண்களே, உங்கள் வீட்டிலும் ஒரு "ஃபைன்" இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே போய் அதைப் போட்டு உடையுங்கள்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரை எடுக்கட்டுமா என்றார்கள். வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன். நிறம், மணம், எத்தனை நாள், முழங்கால் நோவுக்கு இவர் வெறும் வயிற்றில் விழுங்கிய குளிசைகள், எல்லாவற்றையும் ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தம். நோவுக் குளிசையின் வேலை என்றார் இளம் டொக்டர். அவர் படித்தவர், அவர் சொன்னால் சரி. இரத்தம் ஏற்றி, புண்ணுக்குக் கிளிப் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று அவர் தொடங்கியபோது நான் கையை நீட்டி நிறுத்தினேன்.

அடுத்த நாள் முற்பகல் வார்ட்டில் இவருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு வெள்ளைக்கார நர்ஸ் வந்தாள், கெட்டிக்காரப் பெண், சிரித்த முகம். நோவு எப்படி, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றாள். இவர் "ஃபைன்" என்றார். எனக்குக் கட்டிலைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. அவள் போர்வையை விலக்கி, மேல்வயிற்றில் கையை வைத்து மெல்ல அமத்தினாள்.

"ஐயோ! எடடி கையை! நோகுது எண்டு தெரியேல்லையே உனக்கு!"

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. நான் எழும்பி நின்றுவிட்டேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில், சீருடை போட்ட ஒருவரைப் பார்த்து இவர் சத்தம் போட்டதை நான் கேட்டதே இல்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, நெஞ்சு ஏறி இறங்கியது. நர்ஸ் பயந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த மூச்சிலேயே இவர் சுருங்கிப்போய், அந்தப் பழைய முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சொறி சிஸ்டர், சொறி. ஐ ஆம் ஃபைன்" என்றார்.

அவள் பேனையை எடுத்துக்கொண்டு, "முதலில் அவர் தன் மொழியில் என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்டாள். நோகிறது என்றார், கடுமையாக நோகிறது என்றார் என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்போது சுகம் என்கிறாரே?"

"இங்கிலீசில் சொன்னதை எழுதாதே" என்றேன். "தமிழில் சொன்னதை எழுது."